வெள்ளவத்தையில் ஒரு ஃபிளாட்: யாருக்காக வாங்கப் போகிறீர்கள்?

"வாடகை குடுக்கிறது வீண் காசு. அதே காசை பாங்குக்குக் கட்டினா கடைசியில வீடாவது மிஞ்சும்."

கொழும்பில் வேலை செய்யும் தமிழ்ப் பிள்ளைகளில் இந்த வசனத்தைக் கேட்காத ஆள் குறைவு. முதல் சம்பளம் வந்த மாதம் மாமா சொல்லுவார். முப்பது வயது நெருங்க அம்மா சொல்லுவா. ரொறன்ரோவிலிருந்து சித்தப்பா வட்ஸ்அப்பில் சொல்லுவார், கூடவே ஒரு விளம்பரத்தையும் அனுப்பிவிடுவார்: கடற்கரைப் பக்கம், இரண்டு அறை, ஒரு பார்க்கிங், மொட்டைமாடியில் நீச்சல் தடாகம். சொல்லுகிற எல்லாரும் எங்களில் அக்கறை உள்ள ஆட்கள்தான். ஆனால் அவர்கள் சொல்லுகிற விசயம் பெரும்பாலும் பிழை. கணக்கிலும் பிழை, கணக்குக்கு வெளியிலும் பிழை.

ஃபிளாட் வாங்கவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. வாங்க வேண்டிய ஆட்களும் இருக்கினம், அதைக் கடைசியில் சொல்லுகிறேன். என் சண்டை வேறு இடத்தில். எங்கள் வீடுகளில் இந்த முடிவு அதில் குடியிருக்கப் போகிற ஆளை வைத்து எடுக்கப்படுவதில்லை. பழைய பயத்தை வைத்தும் கல்யாணச் சந்தையை வைத்தும் எடுக்கப்படுகிறது. கடனை மட்டும் இருபது வருசத்துக்கு நாங்கள் கட்ட வேண்டும்.

முதலில் கணக்கு

ஒரு உதாரணம் எடுப்போம். 1000 சதுர அடி ஃபிளாட், விலை 3 கோடி ரூபா, அதை வாடகைக்கு எடுத்தால் மாதம் 1 இலட்சம் என்று வையுங்கள். எண்கள் கணக்குக்காகத்தான். உங்கள் இடத்து எண்களைப் போட்டு நீங்களே செய்து பார்க்கலாம்.

குடும்பம் எல்லாம் சேர்ந்து 1 கோடி புரட்டுகிறீர்கள். மிச்சம் 2 கோடி கடன். வருட வட்டி 12 வீதம், 20 வருசம். மாதத் தவணை ஏறத்தாழ 220,000 ரூபா. முதல் மாதம் கட்டும் அந்தக் காசில் 200,000 வட்டி. வீட்டுக்காகப் போனது 20,000 மட்டும். கடன் பாதியாகக் குறைவதற்கு ஏறத்தாழ 15 வருசம் ஆகும். இருபது வருசம் முடிய நீங்கள் கட்டியிருப்பது 5 கோடி 28 இலட்சம்.

வாடகை வீண் காசு என்றால் இந்த வட்டி என்ன காசு? வீட்டுக்காரனுக்குக் கொடுத்தால் வீண், பாங்குக்குக் கொடுத்தால் முதலீடா?

இன்னும் இருக்கிறது. புரட்டிய 1 கோடியை நிலையான வைப்பில் 8 வீதத்துக்குப் போட்டிருந்தால் மாதம் 66,000 அளவில் வந்திருக்கும், இனி அது வராது. லிஃப்ட், காவலாளி, தண்ணீர் மோட்டார், ஜெனரேற்றர் என்று மாதப் பராமரிப்புக் காசு 15,000 என்று வையுங்கள். எல்லாம் கூட்டினால் திரும்பி வராத காசு மாதம் 281,000. வாடகைக்கு இருப்பவருக்கு அது 1 இலட்சம். வித்தியாசம் வருசத்துக்கு ஏறத்தாழ 21 இலட்சத்து 70 ஆயிரம். அதாவது ஃபிளாட்டின் விலை வருசம் 7 வீதத்துக்கு மேல் ஏறினால்தான் ஆரம்ப வருசங்களில் வாடகைக்காரருக்குச் சமமாகவாவது நிற்பீர்கள். உறுதி எழுதும்போது போகும் ஏறத்தாழ 4 வீத முத்திரை வரியும் சட்டத்தரணியின் கட்டணமும் இந்தக் கணக்கில் இல்லை.

"2022 இல காசு வைச்சிருந்தவன் அழிஞ்சான், வீடு வைச்சிருந்தவன் தப்பினான்" என்று பதில் வரும். அதில் பாதி உண்மை. பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்ட அந்தக் காலத்தில், மாறாத வட்டியில் கடன் எடுத்திருந்தவர்களின் கடன் கரைந்தது. மாறும் வட்டியில் எடுத்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். 2022 ஏப்ரல் 8 ஆம் திகதி மத்திய வங்கி ஒரே நாளில் கொள்கை வட்டியை 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. அந்த வருச முடிவில், மிகச் சிறந்த வாடிக்கையாளருக்கு வங்கிகள் கொடுக்கும் வட்டியே 25 வீதத்தைத் தாண்டியிருந்தது. 2 கோடிக் கடனுக்கு 25 வீதம் என்றால் மாத வட்டி மட்டும் 4 இலட்சத்துக்கு மேல். அந்த நேரம் எத்தனை பேருக்குச் சம்பளம் இரட்டிப்பானது?

வெளிநாட்டிலிருந்து அனுப்பின காசுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. டொலர் 200 ரூபா நின்றபோது 3 கோடி என்பது 150,000 டொலர். 360 ரூபா ஆனபோது அதே 3 கோடி 83,000 டொலர். அண்ணா போட்ட டொலர் கெடாமல் இருக்க வேண்டுமென்றால் ஃபிளாட் 5 கோடி 40 இலட்சத்துக்கு விற்றிருக்க வேண்டும். "விலை ஏறிட்டுது" என்று சந்தோசப்படுகிற ஆட்கள் எந்தக் காசில் ஏறியது என்று பார்ப்பதில்லை.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். வாடகைக்கு இருந்து மிச்சம் பிடித்த காசைச் சேமித்தால்தான் இந்தக் கணக்கு வாடகைக்காரர் பக்கம் நிற்கும். மிச்சத்தைப் புது ஃபோனுக்கும் வார இறுதிப் பயணத்துக்கும் விடுகிற ஆளென்றால், கடன் தவணையாவது அவரைக் கட்டாயமாகச் சேமிக்க வைக்கும். உங்களைப் பற்றி உங்களுக்குத்தான் தெரியும்.

காணி எண்டு நினைச்சு வாங்கிறது

எங்கட ஆட்களுக்கு வீடு என்றால் காணி. வேலி, கிணறு, பின்வளவில் இரண்டு மாமரம், அதற்கு ஒரு உறுதி. அந்த மனநிலையோடுதான் ஃபிளாட்டுக்கும் போகிறோம். "காணி விலை குறையாது, ஃபிளாட்டும் குறையாது." இரண்டும் ஒன்றல்ல.

20 பேர்ச் காணியில் 24 வீடுகள் கொண்ட ஒரு கட்டிடத்தை எடுங்கள். ஊர்க் கணக்கில் 20 பேர்ச் என்பது 2 பரப்பு. அதைச் சமமாகப் பிரித்தால் ஒரு குடும்பத்துக்கு ஒரு பேர்ச்கூட வராது. அதுவும் பிரிக்க முடியாத பங்கு. வேலி போட முடியாது, தனியாக விற்க முடியாது. உங்களுக்கென்று இருப்பது சுவர்களுக்கு நடுவிலுள்ள அந்த இடமும், படிக்கட்டிலும் லிஃப்டிலும் மொட்டைமாடியிலும் கூட்டுப் பங்கும். காணி விலை ஏறும்போது கட்டிடம் பழசாகிக்கொண்டிருக்கும். மரைன் டிரைவ் பக்கம் உப்புக் காற்று கம்பியை என்ன செய்கிறது என்று பார்க்க விரும்பினால், கொஞ்சம் பழைய கட்டிடங்களின் பல்கணிகளைக் கீழே நின்று அண்ணாந்து பாருங்கள்.

இருபத்தைந்து வருசத்தில் லிஃப்ட் மாற்ற வேண்டும், குழாய்கள் மாற்ற வேண்டும், வெளிச்சுவர் திருத்த வேண்டும். யார் காசு? 1973 ஆம் ஆண்டின் அப்பார்ட்மென்ட் உரிமைச் சட்டத்தின்படி, பதிவு செய்யப்பட்ட ஒவ்வொரு தொடர்மாடிக்கும் உரிமையாளர்கள் சேர்ந்த முகாமைத்துவக் கூட்டுத்தாபனம் ஒன்று இருக்க வேண்டும். நீங்கள் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் அதில் நீங்கள் ஒரு ஆள். நல்ல கட்டிடங்களில் அது கூட்டம் கூடும், கணக்குக் காட்டும், எதிர்காலத் திருத்தத்துக்கு ஒரு நிதியைச் சேர்க்கும். மற்ற இடங்களில் உரிமையாளர்களில் பாதிப் பேர் லண்டனிலும் கனடாவிலும். வீடு பூட்டிக் கிடக்கும், பராமரிப்புக் காசு மாதக்கணக்கில் நிலுவையில் இருக்கும், கூட்டத்துக்கு நான்கு பேர் வருவினம். 2022 மார்ச் முடிவில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் போனபோது ஜெனரேற்றருக்கு டீசல் தேடி அலைந்தது அந்த நான்கு பேர்தான். ஏழாம் மாடியிலிருந்து வயசான அம்மாவை இறக்கி ஏற்ற வேண்டியிருந்தவர்களுக்கு "சொந்த வீடு" என்ற சொல் எப்படிக் கேட்டிருக்கும்?

பயத்துக்கு நான் மரியாதை தருகிறேன். ஆனால்…

எங்கள் அம்மா அப்பாமார் இதைச் சும்மா சொல்லவில்லை. கொழும்பில் ஒரு விலாசம் இல்லாமல் இருப்பது என்றால் என்ன என்று அவர்களுக்குத் தெரியும். லொட்ஜ் அறை, பொலிஸ் பதிவு, அதிகாலையில் கதவைத் தட்டும் சத்தம், "ஏன் வந்தனீ, எப்ப போவாய்" என்ற கேள்வி. 2007 ஜூன் 7 ஆம் திகதி கொழும்பு லொட்ஜ்களிலிருந்து 300 க்கும் மேற்பட்ட தமிழர்களைப் பொலிஸ் பஸ்களில் ஏற்றி நகரத்துக்கு வெளியே அனுப்பியது. அடுத்த நாள் உயர் நீதிமன்றம் அதை இடைநிறுத்தியது, அப்போதைய பிரதமர் ரத்னசிறி விக்கிரமநாயக்க பிறகு வருத்தமும் தெரிவித்தார். அந்தக் காலையைக் கண்ட சனத்துக்கு வெள்ளவத்தையில் தன் பெயரில் ஒரு கதவு என்பது முதலீடு இல்லை, மூச்சு. அதைப் பகிடி பண்ண எனக்கு மனமில்லை.

ஆனால் ஒன்றைக் கேட்கிறேன். உறுதி எங்களைப் பாதுகாத்ததா? 1983 யூலையில் கொழும்பில் எரிந்த வீடுகளில் எத்தனையோ சொந்த வீடுகள். வந்தவர்களின் கையில் வாக்காளர் இடாப்பு இருந்ததைப் பலர் பதிவு செய்திருக்கிறார்கள். எந்தப் பட்டியலில் பெயர் இருப்பது பாதுகாப்பு என்று நாங்கள் நினைத்தோமோ, அதே பட்டியலை வைத்துத்தான் வீட்டைத் தேடி வந்தார்கள். எங்களை அங்கே வாழவிடாதது அரசியல். அதற்கு 3 கோடி ரூபா கொடுத்துத் தனியாக ஒரு தீர்வு வாங்கலாம் என்று நம்பினால், காசு இல்லாத தமிழர் என்ன செய்வது? லொட்ஜிலேயே கிடப்பதா?

அதே கொழும்பில் ஃபிளாட்டுக்கு இன்னொரு முகமும் உண்டு. 2010 இற்குப் பிறகு நகர அபிவிருத்தி அதிகார சபை பாதுகாப்பு அமைச்சின் கீழ் இருந்த காலத்தில், கொம்பனித்தெருவிலும் வேறு இடங்களிலும் தலைமுறையாக இருந்த தமிழ், முஸ்லிம், சிங்களக் குடும்பங்கள் எழுப்பப்பட்டன. அவர்களில் பலருக்குப் பதிலாகக் கிடைத்தது தெமட்டகொடை, வனாத்தமுல்லைப் பக்கத்து உயர்மாடிகளில் சின்ன வீடுகள். "ஃபிளாட் உங்களுக்குச் சரிவருமா?" என்று அவர்களை யாரும் கேட்கவில்லை. அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொள்ளும் வசதி எங்களுக்கு இருக்கிறது. இருந்தும் நாங்கள் கேட்பதில்லை.

பொம்பிளைக்கு ஃபிளாட்

இப்போது யாரும் வாய்திறந்து சொல்லாத காரணத்துக்கு வருவோம். கல்யாண விளம்பரங்களில் "கொழும்பில் சொந்த வீடு" என்ற மூன்று சொற்கள் பட்டப்படிப்பை விடக் கனமானவை. சீதனம் இப்போது இல்லை என்று சொல்லுகிற குடும்பங்களிலும், "நாங்க ஒண்டும் கேக்கேல்ல, பிள்ளைக்கு ஒரு வீடு இருந்தா அவைக்குத்தானே நல்லது" என்ற வசனம் நல்லாகவே ஓடுகிறது. ஒரு காலத்தில் ஊரில் வீடும் வளவும். இப்ப வெள்ளவத்தையிலோ தெகிவளையிலோ ஒரு ஃபிளாட். பெயர் மட்டும் மாறியிருக்கிறது.

அந்த ஃபிளாட்டுக்காக ஒரு தம்பி கட்டாரில் இன்னும் ஐந்து வருசம் இருக்கிறான். ஒரு அக்கா லண்டனில் இரண்டு வேலை செய்கிறாள், தனக்கென்று ஒரு வாழ்க்கையைத் தொடங்குவதைத் தள்ளிப் போடுகிறாள். அப்பா ஊர்க் காணியை விற்கிறார். கடைசியில் "உன்ர பேரிலதானே எழுதினது, உனக்குத்தானே பாதுகாப்பு" என்று அந்தப் பெண்ணிடம் சொல்லுகிறார்கள்.

பாதுகாப்பா? தேசவழமைக்கு உட்பட்ட பெண் என்றால், 1911 ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி, கல்யாணம் நிலைத்திருக்கும்வரை அவள் தன் சொந்த அசையாச் சொத்தைக்கூடக் கணவனின் எழுத்துமூல சம்மதம் இல்லாமல் விற்க முடியாது. அவன் நியாயமில்லாமல் மறுத்தால் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போய்க் கேட்க வேண்டும். அவன் தன் சொத்தை விற்க அவளின் கையெழுத்து இப்படித் தேவையில்லை. மட்டக்களப்பு, மலையகத் தமிழர்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. யாழ்ப்பாணத்துக் குடும்பங்களில் எத்தனை பேர் இதைத் தெரிந்துகொண்டு மகளின் பெயரில் உறுதி எழுதுகிறார்கள்? அடிக்கிற புருசனை விட்டு வெளியே வர நினைக்கும் பெண்ணுக்கு, தான் விற்கவே முடியாத 3 கோடி ஃபிளாட் எதற்கு உதவும்? அவளுக்கு அந்த நேரம் தேவை கையில் காசும் ஒரு வேலையும்.

அந்த 3 கோடியில் ஒரு சின்னப் பங்கை அவளின் படிப்புக்குப் போட்டிருக்கலாம், தொழில் தொடங்கக் கொடுத்திருக்கலாம், அவள் பெயரில் வைப்பில் போட்டிருக்கலாம். அசையும் சொத்துக்கு அவனின் சம்மதம் தேவையில்லை. சட்டமே அப்படித்தான் இருக்கிறது. ஆனால் வைப்புப் புத்தகத்தைக் கல்யாண வீட்டில் யாருக்கும் காட்ட முடியாது, பாருங்கோ.

காசு ஒருவருடையது, பெயர் இன்னொருவருடையது

வெளிநாட்டுக் குடியுரிமை மட்டும் உள்ளவர்களுக்கு 2014 ஆம் ஆண்டுச் சட்டம் காணி வாங்கத் தடை போட்டது. தொடர்மாடி வீட்டுக்கு விலக்கு உண்டு, ஆனால் முழுப் பெறுமதியும் முற்கூட்டியே வெளிநாட்டுப் பணமாக உள்ளே வந்திருக்க வேண்டும். இந்தத் தலையிடி வேண்டாம் என்று அண்ணா காசை அனுப்ப, தம்பியின் பெயரில் உறுதி எழுதுகிறார்கள். பத்து வருசத்தில் தம்பி கல்யாணம் கட்டுகிறான், அண்ணா பிரிகிறான், அப்பா செத்துப் போகிறார். பிறகு ஒரே குடும்பத்தில் இரண்டு சட்டத்தரணிகள். பாசம் இருக்கிற நாளிலேயே எழுத்தில் எழுதி வையுங்கள். இல்லாவிட்டால் எழுதாமல் விடுகிற ஆள்தான் நம்பிக்கைத் துரோகி ஆவார்.

வாடகை ஏன் இவ்வளவு அவமானம்?

வாடகைக்கு இருப்பது கஷ்டம் என்பது உண்மை. ஒரு வருச வாடகையை முன்கூட்டியே கேட்கிறார்கள். தனியாக இருக்கும் பெண் என்றால் கதவு பாதிதான் திறக்கும். "எந்த ஊர், யாற்ற பிள்ளை" என்று சாதியைச் சுற்றி வந்து கேட்கிற வீட்டுக்காரர்கள் எங்கட ஆட்கள்தான். 2019 உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகு முஸ்லிம் நண்பர்கள் வீடு தேடி அலைந்ததும் நினைவிருக்கட்டும்.

இதற்குப் பதிலாக எல்லோரும் கடன்பட்டு உரிமையாளர் ஆகிவிட வேண்டும் என்றால், நாளைக்கு அதே கேள்வியை அடுத்த பிள்ளையிடம் நாங்கள்தான் கேட்போம். வாடகைக்கு இருக்கும் உரிமையைப் பற்றி நாங்கள் கதைக்கத் தொடங்க வேண்டும். குறைந்தபட்சம் தெரிந்திருக்க வேண்டியது: ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன் எழுதப்பட வேண்டும் என்று 1840 ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் சொல்கிறது. வெள்ளைத் தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஆறு மாதத்தில் எழுப்புகிற வேலைக்கு அந்தத் தாளே இடம் கொடுக்கிறது.

அப்ப யார் வாங்கலாம்?

மலையகத்திலிருந்து வந்த ஒரு தோழி, "எங்கட குடும்பத்தில இருநூறு வருசமா ஆரிட்டயும் உறுதி எண்டு ஒண்டு இருக்கேல்ல, எனக்கு ஒண்டு வேணும்" என்று சொன்னால் நான் வாயை மூடிக்கொள்வேன். லயன் அறையில் பிறந்து, 7 பேர்ச் காணிக்காகவே போராட வேண்டியிருந்த சமூகத்துக்கு உறுதியின் பெறுமதியை நான் வட்டிக் கணக்கில் சொல்ல முடியாது. அவளும் தன் காசில், தன் பெயரில், தான் இருக்கப் போகிற வீட்டைத்தான் கேட்கிறாள். என் வாதமும் அதுதான்.

வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் முதலில் இவற்றுக்குப் பதில் சொல்லுங்கள்.

அடுத்த பத்து வருசம் இந்த வீட்டில் நீங்கள்தான் இருப்பீர்களா? மேற்படிப்புக்கோ வேலைக்கோ போகும் எண்ணம் இருந்தால் இப்போது வேண்டாம். ஆறு மாதம் சம்பளம் நின்றால் தவணை கட்ட முடியுமா? வட்டி இரட்டிப்பானால்? தவணை கைக்கு வரும் சம்பளத்தில் மூன்றில் ஒன்றைத் தாண்டுகிறது என்றால், அந்த வீடு உங்களுடைய கையில் இல்லை, நீங்கள்தான் அதன் கையில்.

உங்கள் ஒற்றைக் கையெழுத்தில் விற்க முடியுமா? முடியாது என்றால் ஏன் என்று சட்டத்தரணியிடம் கேளுங்கள். கட்டினவன் கொண்டுவந்த சட்டத்தரணியிடம் இல்லை, உங்கள் காசில் நீங்கள் பிடித்த ஒருவரிடம்.

காகிதங்களைப் பார்த்தீர்களா? சீ.ஓ.சி. என்று எல்லாரும் சொல்லும் இணக்கச் சான்றிதழ் இருக்கிறதா? தொடர்மாடி வரைபடம் பதிவாகி, அதில் உங்கள் வீட்டுக்கு இலக்கம் இருக்கிறதா? "உறுதி பிறகு வரும், இப்ப அக்ரிமென்ற் போதும்" என்றால் எழும்பி வந்துவிடுங்கள். முழுக் காணியையும் கட்டினவன் ஏதாவது வங்கியில் ஈடு வைத்திருக்கிறானா, உங்கள் வீட்டுக்கு அந்த ஈடு விடுவிக்கப்பட்டதா என்று காணிப் பதிவகத்தில் தேடுங்கள். பழைய கட்டிடம் என்றால் முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்தின் கணக்கைக் கேளுங்கள், யார் யார் நிலுவை என்று கேளுங்கள். இரவு எட்டு மணிக்கு வீதியில் நின்று எத்தனை ஜன்னலில் வெளிச்சம் இருக்கிறது என்று எண்ணுங்கள்.

இவ்வளவுக்கும் திருப்தியான பதில் இருந்தால் வாங்குங்கள், வீடு குடிபூரலுக்கு எங்களையும் கூப்பிடுங்கள். இல்லாவிட்டால், அடுத்த முறை மாமா "வாடகை வீண் காசு" என்று தொடங்கும்போது ஒரு பேனையும் தாளும் எடுத்து அவருக்கு முன்னால் வைத்து, முதல் மாதத் தவணையில் வட்டி எவ்வளவு என்று அவரையே எழுதச் சொல்லுங்கள். அதோடு தங்கச்சியையும் பக்கத்தில் இருத்துங்கள். வீடு அவளுக்குத்தான் என்றால், வேணுமா வேண்டாமா என்று முதலில் அவளைக் கேட்க வேண்டும்.